பதினோரு ஆணிகள்

வுனிதிரி, லம்பாசா, பிஜி
10 மார்ச் 2002

அன்புத் தங்கை சரளாவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணி இந்திராவதியும் மூச்சோடு இருக்கிறோம், அந்த மட்டில் குறை இல்லை. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் ரோஷனியும் சுகமாக இருக்க மாரியம்மா துணை.

ஒரு சங்கதி. உன் வீட்டை மியூசியம் ஆக்கப் போகிறார்கள். சிரிக்காதே. போன வருஷம் குத்தகை முடிந்து நிலம் நிலத்துக்காரப் பிஜியர்களிடமே போனது உனக்குத் தெரியும். உப்பு ஏறிய மண்ணில் கரும்பு இனி வராது. உன் வீட்டுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு அலையாத்திச் செடி முளைத்திருக்கிறது. அவர்கள் கிராமத்து டீச்சர் லிட்டியா, இந்தச் சதுப்பையும் இதில் பிழைத்தவர்களையும் பற்றி ஒரு மியூசியம் வேண்டும் என்று வெளிநாட்டில் யாரிடமோ கேட்டு உதவி வாங்கிவிட்டாள். தூண்மேல் நிற்பதால் உன் வீடு தண்ணீருக்குத் தப்பியது. ஒரு சுவர் அவள் அத்தைமாரின் நண்டு வலைகளுக்கு, ஒரு சுவர் நமக்கு. காவல்காரன் நான். நாற்பது வருஷம் உழுத மண்ணுக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, பார்த்துக்கொள்.

கடல் கதவையும் சங்கிலியோடு பெயர்த்துக் கொண்டுவந்து உன் கூடத்தில் நிறுத்தியாயிற்று. ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல் எழுதச் சொன்னாள் லிட்டியா. எழுதியிருக்கிறேன், சரியா பார்: "கடல் வற்றும்போது இந்தப் பலகையைத் தூக்கினால் வயலின் மழைத் தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறுமுன் இறக்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே வராது. தூக்கவும் இறக்கவும் ஒரே ஓர் இரும்புக் கைப்பிடி. பதினோரு வீடுகள், வீட்டுக்கு ஒரு வாரம் முறை. ஞாயிறு காலையில் முறை முடிந்த வீட்டுப் பெண் கைப்பிடியை அடுத்த வீட்டுப் பெண்ணின் மடியில் கொடுப்பாள். அவள் அதைச் சாமி மாடத்தில் வைத்து விளக்கேற்றிய பிறகே ஆண்கள் தொடுவார்கள்."

பதினோரு பெயரும் எழுதிய பலகையில், பெயருக்குக் கீழே ஓர் ஆணி அடித்திருக்கிறேன். கைப்பிடி மட்டும் இல்லை. அது எங்கே என்று கேட்டாள் லிட்டியா. கடைசியாக வாங்கிய வீரசாமி தொலைத்துவிட்டார் என்று சொன்னேன். 2000 ஜூலையில் ஊரை விட்டுப் போன அன்று நீ அதை எப்படிக் கொடுத்தாய் என்பதை இரண்டு வரி எழுதி அனுப்பு, சுவரில் போட.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன் பொன்சாமி

---

ஆக்லாந்து
2 ஏப்ரல் 2002

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் சரளாவின் வணக்கம். மாரியம்மா புண்ணியத்தில் நாங்கள் நலம். அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா? அண்ணி சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா?

என் வீடு மியூசியம் என்று படித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். அடுப்படி ஜன்னல் கொக்கி பழுது, காற்றடித்தால் திறந்துகொள்ளும். கயிறு போட்டுக் கட்டுங்கள். கூடத்துப் பலகை ஒன்று இளகியிருக்கும், வருகிறவர்கள் காலை வைத்துவிடப் போகிறார்கள்.

நெல் போட்ட காலத்தையும் எழுதுங்கள் அண்ணா. மழைக்காலத்தில் நாமெல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைக்கு மண் அணைத்ததை எழுதுங்கள். லிட்டியாவின் அத்தை நமக்கு நண்டு கொடுத்து அம்மாவிடம் புளி வாங்கிப் போவாளே, அதையும் போடுங்கள். அவளுக்குப் புளிமேல் அப்படி ஓர் ஆசை.

உங்கள் மாப்பிள்ளை விரேந்திரா கிடங்கு ஒன்றில் பெட்டி ஏற்றுகிறார். அங்கே ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தவர், இங்கே முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருகிறார். ரோஷனிக்கு இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை. உங்கள் கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். வீட்டில் தமிழ் படிக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் போன் வேண்டாம், கடிதமே போடுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சரளா

---

வுனிதிரி
25 ஏப்ரல் 2002

தங்கை சரளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. அண்ணிக்கு மாத்திரை நினைவிருக்கும் நாளில் சர்க்கரை குறைவு. நீங்கள் மூவரும் சௌக்கியம் என்பதில் சந்தோஷம்.

ஜன்னலுக்குக் கயிறு போட்டாயிற்று. புளி சங்கதியை லிட்டியாவின் அத்தையிடம் சொன்னேன், கிழவி குலுங்கிச் சிரித்தாள். எல்லாம் எழுதிய நீ, நான் கேட்ட ஒன்றை விட்டுவிட்டாய்.

போன வாரம் வீரசாமி மனைவி ஜான்கி வந்தாள். அவர் காலமாகி ஒரு வருஷமும் மூன்று மாசமும் ஆகிறது. அவர் கரும்பு வெட்டிய கத்தியை மியூசியத்துக்கு என்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். வாங்கிச் சுவரில் மாட்டினேன். பக்கத்தில் இருந்த எழுத்தைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று லிட்டியாவைக் கேட்டாள். லிட்டியா இந்தியில் படித்துச் சொன்னாள்: "கைப்பிடியைக் கடைசியாக வாங்கிய வீரசாமி அதைத் தொலைத்தார். கதவை மூட முடியாமல் கடல் உள்ளே வந்தது. வுனிதிரியில் விவசாயம் முடிந்தது."

ஜான்கி கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணே, எங்க வீட்டுக்காரரு சாவற வரைக்கும் அத வாங்கலன்னுதான் சொன்னாரு. ஊரு நம்பல. ஊரு வாயி அன்னியோட போச்சு. இது செவுத்துல நிக்குமே. என் பேரப்புள்ள வந்து படிக்குமே," என்றாள்.

ஆகையால் நேராகவே கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கைப்பிடியைக் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் கொடுத்தேன் என்று எழுது. ஜான்கிக்குப் படித்துக் காட்டிவிட்டு, மனசு கல்லாக்கிக்கொண்டு அந்த எழுத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
பொன்சாமி

---

ஆக்லாந்து
30 ஜூன் 2002

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் தாமதம், கோபிக்க வேண்டாம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, விரல் மடங்கவில்லை. ரோஷனிக்கு இருமல். விரேந்திராவை ராத்திரி முறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணிக்கு இரண்டு கம்பளிச் சட்டை பார்சலில் போட்டிருக்கிறேன். லம்பாசா வெயிலில் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். மலிவாகக் கிடைத்தது, கையில் எடுத்துவிட்டேன். ஜான்கி அக்காவுக்கும் ஒரு போர்வை வைத்திருக்கிறேன். நான் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு எதுவும் ஒழுங்காக நினைவில்லை அண்ணா. முகாமில் சிப்பாய்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள் என்றார்கள், சாலையில் வண்டியை நிறுத்துகிறார்கள் என்றார்கள், மூன்று நாள் யாரும் தூங்கவில்லை. அந்தக் கலவரத்தில் எது எங்கே போனது என்று இப்போது யார் சொல்ல முடியும்? அந்தப் பலகையை எடுத்துவிட்டு நெல் படம் ஏதாவது மாட்டிவிடலாமே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.
சரளா

---

வுனிதிரி
21 ஜூலை 2002

சரளாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். கம்பளி வந்தது. உன் அண்ணி அதைப் போட்டுக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டாள்.

உனக்கு நினைவில்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது. இதுவரை உனக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். போன இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன்.

நீங்கள் போவது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் ஆளில்லாத வீட்டைச் சூறையாடுவார்கள் என்று மாப்பிள்ளை பயந்தார், நியாயம்தான். சனிக்கிழமை சாயங்காலம் நீ என்னிடம், "காலையில போற வழியில கைப்பிடியக் குடுத்துட்டுப் போறேன்ணே," என்று சொன்னாய். ஞாயிறு பௌர்ணமி. வயலில் காலமில்லாத மழைத் தண்ணீர். கதவு தூக்கியபடி நின்றது. பொழுது சாயக் கடல் ஏறியபோதுதான் பார்த்தோம். எல்லோரும் வீரசாமி வாசலுக்கு ஓடினோம், முறை அவருடையது. எனக்குக் கைப்பிடி வரவே இல்லை என்றார். உன் வீட்டுப் பூட்டை உடைத்தோம். அடுப்படிச் சுவரில் நீ கைப்பிடி மாட்டுகிற ஆணி காலியாக இருந்தது. அப்புறம் என்ன பேச்சு? பதினோரு வீட்டார் முன்னால் நான் சொன்னேன், "என் தங்கச்சி குடுத்துட்டுத்தான் போனா. அவ வாக்கு மாறாதவ. இவர் யங்கோனாவக் குடிச்சிட்டுப் போதையில எங்கேயோ போட்டுட்டாரு." நான்தான் சொன்னேன் சரளா. வேறு யாரும் இல்லை.

மூன்று நாள் கடல் வந்து போயிற்று. செவ்வாய்க்கிழமை வீரசாமி தன்னந்தனியாகக் கடப்பாரையோடு தண்ணீரில் இறங்கிச் சங்கிலியை உடைத்தார். பலகை அவர் காலில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. ஜனவரியில் போனார். காய்ச்சல் என்று உனக்கு எழுதினேன்.

லிட்டியாவின் அத்தைமார், அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் நண்டு திரும்பியது என்று எதிர்ச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல சேதி. அதுவும் உண்மைதான். நம் சுவரிலும் உண்மை இருக்க வேண்டாமா?

ஒரு வரி போதும்.
பொன்சாமி

---

வுனிதிரி
29 ஆகஸ்ட் 2002

சரளாவுக்கு,

சுகம். சுகமா?

தீபாவளி கழிந்த அடுத்த சனிக்கிழமை, நவம்பர் ஒன்பதாம் தேதி திறப்பு. பெயின்டர் கடைசிப் பலகைக்காகக் காத்திருக்கிறான். ஜான்கி தினமும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். கடிதம் வந்ததா என்று வாயால் கேட்பதில்லை.

பொன்சாமி

---

ஆக்லாந்து
16 செப்டம்பர் 2002

அண்ணனுக்கு,

இங்கே யாவரும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். இப்போது நினைவு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் காரில் ஏறுமுன் வீரசாமி அண்ணன் வேலிப்பக்கம் நின்றிருந்தார். கைப்பிடியை அவர் கையில் கொடுத்தேன். "பத்திரமா போய்ட்டு வாம்மா," என்றார். அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பாவம், மறதியாக எங்கேயாவது வைத்திருப்பார்.

நடந்தது நடந்துவிட்டது. ஜான்கி அக்காவுக்கு மனத்தேறுதல் சொல்லுங்கள். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம் அண்ணா.

சரளா

---

வுனிதிரி
6 அக்டோபர் 2002

சரளாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன், மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் அன்று ஊர் முன்னால் சொன்னது பொய்யில்லை என்று ஆயிற்றே. அந்த அவசரத்தில் ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய் ஜான்கிக்கு உரக்க வாசித்தேன்.

முழுதும் கேட்டாள். பிறகு, "அவரு கையிலயா குடுத்தா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"இருபத்தாறு வருசம் அவ குடுத்து நான் வாங்கியிருக்கேன். ஒரு வாட்டியாச்சும் ஆம்பள கையில குடுத்திருக்காளா? நான் அன்னிக்கு வாசல்லதான அரிசி பொடச்சிட்டிருந்தேன். என் மடி அங்கதான இருந்துச்சு."

மார்ச் மாசம் நானே என் கையால் அந்த வழக்கத்தை உனக்கு எழுதி அனுப்பியிருந்தேன். அதுவே இப்போது உன் கூடத்துச் சுவரில் மூன்று பாஷையில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே வாசற்படியில் நின்றுகொண்டு உன் கடிதத்தை நான் வாசித்திருக்கிறேன். என்னைவிட முட்டாள் இந்தத் தீவில் கிடையாது.

ஜான்கி எழுந்து உள்ளே போய் வீரசாமியின் கத்தியைச் சுவரிலிருந்து எடுத்து, துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

உயிரோடு இருப்பவள் மடியில் கொடுத்ததாக எழுத உனக்குத் தைரியம் வரவில்லை. அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள். அதனால் செத்தவர் கையில் கொடுத்துவிட்டாய். நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கித் தமிழ் எழுதப் படித்தவர்கள். இதற்காகவா படித்தோம்?

பலகையை வெறுமையாக விடச் சொல்லிவிட்டேன்.

பொன்சாமி

---

ஆக்லாந்து
20 அக்டோபர் 2002

அண்ணா,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன், நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் கடிதத்தோடு பார்சல் ஒன்று வரும். பிரித்தால் உங்களுக்குத் தெரியும்.

அன்று காலை கடல் வற்ற ஆரம்பித்ததும் நான்தான் போய்க் கதவைத் தூக்கினேன். வயலில் தண்ணீர் நின்றதே, போகிற நாளிலும் முறையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். கைப்பிடியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன். குளித்துப் புடவை மாற்றி எடுத்துப் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் கார் வந்துவிட்டது. பாலத்துப் பக்கம் வழி மறிக்கிறார்களாம், இப்போதே கிளம்பினால்தான் உண்டு என்றான் டிரைவர். விரேந்திரா அடுப்படிக்குள் போய்ச் சுவரில் தொங்கிய இரும்பையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினார். தோசைக்கல், கரண்டி, அரிவாள்மணை, அதோடு அதுவும். நான் சாமி படத்தை எடுத்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

ஆனால் ஜான்கி அக்கா வீட்டைத் தாண்டும்போது நினைவு வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், அவள் சொன்னது நிஜம். காரை நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். நிறுத்தினால் எங்கே போகிறாய் என்று கேட்பாள், அழுவாள், ஊர் கூடிவிடும், விமானம் போய்விடும். கைப்பிடி ஆணியில்தானே தொங்குகிறது, அண்ணனிடம் சாவி இல்லாவிட்டாலும் பூட்டை உடைத்து எடுத்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டேன். அவள் தலை நிமிர்ந்து காரைப் பார்த்தாள்.

இங்கே வந்து ஆறாம் நாள் சாக்கைப் பிரித்தேன். அப்போதே தந்தி அடித்திருக்கலாம். நாளை நாளை என்று தள்ளினேன். வீரசாமி அண்ணன் இறந்தார் என்று நீங்கள் எழுதிய பிறகு துணிவு அடியோடு போய்விட்டது. அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இரண்டு வருஷமாக இருந்தது. ரோஷனி ஒருநாள் எடுத்து, இது என்ன என்று கேட்டாள். பழைய மாவரைக்கிற இயந்திரத்துடையது என்றேன்.

சுவரில் உண்மையை எழுதுங்கள். என் பெயரையும் எழுதுங்கள். ஜான்கி அக்காவின் மடியில் நீங்களே கொடுத்துவிடுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

சரளா

---

வுனிதிரி
11 நவம்பர் 2002

தங்கை சரளாவுக்கு,

அண்ணிக்குக் காலில் புண், ஆறிவருகிறது. எனக்கு முட்டி. நீங்கள் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பார்சல் திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. கைப்பிடி துரு ஏறாமல் இருந்தது. எண்ணெய் தடவி வைத்திருக்கிறாய்.

உன் கடிதத்தை ஜான்கிக்கு வாசித்தேன். இந்த முறை முதலில் நான் இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் வாசித்தேன். கார் அவள் வாசலைத் தாண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள், "படிங்க," என்றாள். முடிந்ததும், "அந்தக் காரு எனக்கு ஞாபகம் இருக்கு. யாரோ நோயாளியக் கொண்டுபோறாங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

புதுப் பலகை எழுதியாயிற்று. "வீரசாமி இந்தக் கைப்பிடியை வாங்கவில்லை. அதைக் கொண்டுபோனது சரளாவின் குடும்பம். வீரசாமி தொலைத்தார் என்று ஊருக்குச் சொன்னது பொன்சாமி. கதவை மூடியது வீரசாமி." இங்கிலீஷ், பிஜியன், இந்தி மூன்றிலும் இருக்கிறது. உன் பெயர் வேண்டுமா என்று லிட்டியா தயங்கினாள். என் பெயர் இருக்கும்போது உன்னுடையதும் இருக்கட்டும் என்றேன்.

திறப்பன்று நாற்பது பேர் இருப்பார்கள். லிட்டியாவின் கிராமத்தார் பாய் விரித்து யங்கோனா கலக்கினார்கள். நம்மவர்கள் பதினோரு வீட்டில் நான்கு வீட்டார் வந்தார்கள். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஜான்கி வெள்ளைப் புடவையில் வந்தாள், கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். மாட்டினோம். பலகையைப் படிக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டாள். அவர் பெயர் வரும்போதெல்லாம் தலையை ஆட்டினாள்.

பிறகு நீ சொன்னபடி கைப்பிடியை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். மடியில் வாங்கிக்கொள் என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையை விரிக்கவில்லை. கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க யாருண்ணே குடுக்க? ஆம்பள கையில நான் வாங்குனதில்ல."

வாரம் ஒரு பெயர் என்று மாற்றி மாற்றி மாட்டுவதற்காகத்தான் அந்தப் பதினோரு ஆணி அடித்தேன். முதலில் வீரசாமி பெயருக்கு மாட்டட்டுமா என்று லிட்டியா கேட்டாள். ஜான்கி கைப்பிடியை என் கையிலிருந்து வாங்காமலே, விரலால் பலகையைக் காட்டினாள். அவள் காட்டியது வீரசாமி பெயரை இல்லை, அதற்கு முந்திய உன் பெயரை.

"அங்க மாட்டுங்க. அவ மொறை இன்னும் முடியல."

மாட்டினேன். இனி அதை வாரா வாரம் மாற்றப்போவதில்லை என்று லிட்டியாவிடம் சொல்லிவிட்டேன். வருகிறவர்கள் ஏன் எப்போதும் ஒரே ஆணியில் இருக்கிறது என்று கேட்டால் பலகையைப் படிக்கச் சொல்வேன்.

ஜான்கி ஜனவரி பத்தாம் தேதிக் கப்பலில் பெரிய தீவில் உள்ள ட்ராசாவுக்குப் போகிறாள், மகள் வீட்டோடு இருக்க. அதுவரை தினமும் காலையில் வந்து உன் வாசற்படியில் உட்காருகிறாள். அரிசி புடைக்கிற முறத்தையும் எடுத்து வருகிறாள்.

பொன்சாமி